விளையாட்டுக் காட்டி ஊட்டுவது வேறு, உணவோடு விளையாட விடுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழ்களின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதிகளில் தவறாமல் வந்துவிடும் கேள்விகளுள் ஒன்று, குழந்தை சரியாகச் சாப்பிட மறுக்கிறதே, என்ன செய்வது என்பது. மூன்று வயதாகியும் தயிர்ச்சோறும் அப்பளமும் தவிர வேறெதையும் தொடுவதில்லை, காய் என்றாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள், பசியைத் தூண்ட மருந்து ஏதும் உண்டா என்று கேட்கும் தாய்மாருக்கு மருத்துவர்களும் பொறுமையாகவே பதில் எழுதுகிறார்கள். அந்தப் பதில்களில் ‘விளையாட்டுக் காட்டி ஊட்டிப் பாருங்கள்’ என்று ஒரு வரியும் பெரும்பாலும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். திண்டுக்கல் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக, இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளோடு நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். சாப்பாட்டில் அடம் பிடிக்கும் குழந்தைக்கு விளையாட்டு உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த விளையாட்டு, எந்த நேரத்தில், எதற்காக என்பது சொல்லப்படாமல் போவதால், நல்ல யோசனையொன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அதற்கு நேரெதிரான பழக்கமாக மாறிவிடுகிறது.

நம் வீடுகளில் விளையாட்டுக் காட்டி ஊட்டுவது என்றால் காக்கையைக் காட்டுவது, நிலாவைக் காட்டுவது, தெருவில் போகும் பேருந்தைக் காட்டுவது. இப்போது இவை எல்லாவற்றின் இடத்தையும் கைப்பேசி பிடித்துக்கொண்டது. குழந்தையின் கண்ணும் மனமும் திரையில் கிடக்க, வாய் தானாகத் திறக்கும் நேரம் பார்த்து ஒரு கவளம் உள்ளே போகிறது. அன்றைக்குத் தட்டு காலியாவது உண்மைதான். ஆனால் உள்ளே போனது கீரையா, கத்தரிக்காயா, வெறும் பருப்பா என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அதன் நிறத்தை அது பார்க்கவில்லை, வாசனையை உணரவில்லை, விரலால் தொடவுமில்லை. எனவேதான் கைப்பேசியை எடுத்த மறுகணமே வாய் மூடிக்கொள்கிறது. உணவிலிருந்து கவனத்தைத் திருப்பும் இந்த வேடிக்கையால் ஒரு வேளைச் சாப்பாடு முடியுமே தவிர, புதிய உணவு எதுவும் குழந்தைக்குப் பழக்கமாவதில்லை. நான் வலியுறுத்துவது உணவையே விளையாட்டுப் பொருளாக்குவதை. அதையும் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, ‘தின்றே ஆக வேண்டும்’ என்ற நிபந்தனை இல்லாமல் செய்வதை.

குழந்தை ஏன் மறுக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் குறையும். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோவை எட்டுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, இரண்டரை கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. முன்பு தின்றதில் பாதிகூடத் தின்பதில்லை என்று தாய் கலங்குவதும், ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்ற தினசரிப் போராட்டம் வீட்டில் தொடங்குவதும் சரியாக இந்தக் காலத்தில்தான். புதிய உணவைக் கண்டால் அஞ்சி விலகும் குணம் தலைதூக்குவதும் இதே வயதில், ஏறத்தாழ இரண்டு முதல் ஆறு வயதுக்குள்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்ணில் பட்ட காயையும் இலையையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் காக்க இயற்கை வைத்த ஏற்பாடு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே அமைந்தவை. ஆகவே பாகற்காயையும் கீரையையும் துப்பும் குழந்தையைத் திமிர் பிடித்தது என்று ஏசுவதில் பொருளே இல்லை.

இந்த அச்சம் பழக்கத்தால்தான் தேய்கிறது. அமெரிக்க உளவியலாளர் லீயான் பிர்ச்சும் அவருடைய குழுவினரும் 1980களில் இருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஓர் உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை வரைகூட அதனோடு அறிமுகம் தேவைப்படலாம் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதற்கு அடித்தளம் அந்த ஆய்வுகளே. நம் வீடுகளிலோ இரண்டு மூன்று முறை மறுத்ததுமே ‘அவனுக்குப் பீட்ரூட் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதைப் பிள்ளையின் காதுபடவே உறவினர்களிடம் சொல்லவும் செய்கிறோம். வற்புறுத்தலின் பலனையும் பிர்ச்சின் குழு பார்த்தது. 2006இல் வெளியான ஆய்வொன்றில், ‘சூப்பைக் குடித்து முடி’ என்று நெருக்கப்பட்ட குழந்தைகள், நெருக்கப்படாத சமயத்தில் குடித்த அளவைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அந்த சூப்பைப் பற்றிக் குறையும் கூடுதலாகப் பேசினார்கள். ‘இதைச் சாப்பிட்டால் மிட்டாய்’ என்ற பேரமும் இப்படித்தான் முடிகிறது. எதைத் தின்பதற்குக் கூலி தரப்படுகிறதோ, அது கூலியில்லாமல் தின்னத் தகாத பண்டம் என்று பிள்ளைகள் கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

இங்கேதான் விளையாட்டுக்கு வேலை இருக்கிறது. பத்துப் பதினைந்து முறை தட்டில் வைத்து, பத்துப் பதினைந்து முறை சண்டையிட எந்த வீட்டாலும் முடியாது. விளையாட்டில் அந்த அறிமுகம் சண்டையின்றி நடந்தேறுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் கௌல்தார்டும் சக ஆய்வாளரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் 62 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு உண்மையான காய்களையும் பழங்களையும் கையாண்டு விளையாடியது. இன்னொரு குழு உணவல்லாத பொருள்களோடு விளையாடியது. மூன்றாவது குழு காய்கனிகளைக் கண்ணால் மட்டும் பார்த்தது. பிறகு சுவைத்துப் பார்க்கச் சொன்னபோது, காய்கனிகளைக் கையால் தொட்டு விளையாடிய குழுவே மற்ற இரண்டு குழுக்களையும்விட அதிக வகைகளைச் சுவைத்தது. விளையாட்டில் இடம்பெறாத காய்கனிகளையும் அக்குழந்தைகள் தயங்காமல் சுவைத்தார்கள் என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. கைகளைப் பிசுபிசுப்பாக்கிக்கொண்டு விளையாடுவதை விரும்பும் குழந்தைகளுக்குப் புதிய உணவைப் பற்றிய அச்சம் குறைவாக இருப்பதை இதே கௌல்தார்ட் 2015இலேயே எழுதியிருந்தார். பிரான்ஸில் ழாக் பியூசே என்ற ஒயின் அறிஞர் 1970களில் தொடங்கிவைத்த சுவை வகுப்புகளின் வழியில், பின்லாந்தின் பல குழந்தைகள் காப்பகங்களில் இன்று காய்களை முகர்ந்தும் தடவியும் ஒடித்து ஓசை கேட்டும் பழகுவது அன்றாடக் கல்வியின் பகுதியாக இருக்கிறது.

இதற்காகப் பின்லாந்து வரை போக வேண்டியதில்லை. செப்புச் சாமான்களில் சோறு பொங்கி, வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்கிய தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் கொடுத்து, கடைசியில் நண்டூறுது நரியூறுது என்று அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. போதாக்குறைக்கு நாம் கையால் உண்பவர்கள். ஆனால், சட்டை அழுக்காகும், பாய் அழுக்காகும், வேனுக்கு நேரமாகும் என்று ஐந்து வயது வரை பிள்ளைக்கு நாமே ஊட்டிவிடுவதால், சோற்றைத் தொடாத கையோடு பள்ளிக்கு வரும் குழந்தைகள் பெருகிவிட்டார்கள். இது என் கண் முன்னே நடந்த மாற்றம்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை மலிவாகக் கிடைக்கும். உரித்த மொச்சையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் தங்க, உள்ளிருக்கும் பருப்பு துள்ளி வெளியே விழும். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும் வீடுகளில் இது பெரியவர்கள் அலுத்துக்கொண்டே செய்யும் வேலை. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கோ இதைவிடச் சிறந்த விளையாட்டு கிடையாது. எங்கள் மையத்தில் ஒரு சிறுவன் இருந்தான். கலவைச் சாதத்தில் கிடக்கும் கேரட், பீன்ஸ், கறிவேப்பிலை அனைத்தையும் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி, அவற்றில் ஒன்று சோற்றுப் பக்கம் சரிந்தாலும் சாப்பாட்டை நிறுத்திவிடுவான். மொச்சைப் பாத்திரத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தபோதும் அவன் கையை நனைக்க மறுத்து எட்டியே நின்றான். யாரும் அழைக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் விரலிலிருந்து ஒரு பருப்பு பறந்துபோய் சத்துமாவு டப்பாவில் மோதி ‘டங்’ என்று ஓசை எழுந்ததும், அவனும் ஒரு மொச்சையை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தான். அதன் பிறகு, “டீச்சர், என் பருப்பு எந்திரிச்சு ஓடிருச்சு” என்று அவன் போட்ட கூச்சலைத்தான் அன்று முழுக்கக் கேட்டோம்.

அன்றைக்கே அவன் மொச்சையைத் தின்றுவிடவில்லை. வெந்த பருப்பை விரலால் நசுக்கினான், முகர்ந்தான், தட்டின் விளிம்பில் மற்றவற்றோடு அடுக்கிவைத்தான். பிறிதொரு நாள் வாயில் வைத்துத் துப்பினான். துப்பலாம் என்று நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம். அந்த உரிமை இல்லாவிட்டால் வாயில் வைக்கவே துணிய மாட்டான். பொங்கல் கழிந்து சில வாரங்களில் மொச்சை அவனுக்கு வேண்டிய பண்டமாகிவிட்டது. புடலங்காயை மட்டும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வரை, அவன் மன்னிக்கவே இல்லை.

மொச்சையைப் போலவே ஒவ்வொரு சமையலிலும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு கிடைக்கும். வெண்டைக்காயின் தலைகளைக் கன்னத்திலும் நெற்றியிலும் ஒட்டிக்கொள்வதற்காகவே காத்திருக்கும் குழந்தைகள், அந்தக் கொழகொழப்பைப் பிறகு தட்டில் கண்டு முகம் சுளிப்பதில்லை. முறத்தில் பரப்பிய முருங்கைக்கீரையை உருவித் தருவது, பட்டாணி உரிப்பது, பிடி கொழுக்கட்டையில் ஐந்து விரலும் பதியப் பிடிப்பது, இடியாப்ப உழக்கை இரண்டு கையாலும் அழுத்துவது எல்லாமே இந்த வகைதான். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கண்டாலே ஒதுக்கும் குழந்தைகூட, முட்டையைத் தட்டில் தட்டி விரிசல் விட்டுத் தானே ஓடு உரித்த நாளில் அதைக் கிள்ளிப் பார்க்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விளையாடி முடிந்ததும் ‘இப்போது ஒரு வாய் சாப்பிடு’ என்று கேட்டுவிட்டால் இத்தனை நேரமும் நடந்தது தந்திரம் என்று குழந்தைக்கு விளங்கிவிடும்; மறுநாள் பாத்திரத்தின் பக்கமே வராது.

‘சோற்றை வைத்து விளையாடாதே’ என்று வளர்ந்தவர்கள் நாம். அன்னத்தை வீணாக்குவது பாவம் என்ற உணர்வு எனக்கும் உண்டு. பசியறிந்த ஊர்களில் அந்த உணர்வைக் கேலி செய்வதை நான் ஏற்க மாட்டேன். அரிசியையும் ரவையையும் தொட்டியில் கொட்டிப் பொம்மை வண்டி ஓட்டவிடும் சில தனியார் மழலையர் பள்ளிகளின் பாணி எனக்கு உவப்பானதும் இல்லை. மேலே நான் சொன்னவற்றில் ஒரு பருக்கையும் வீணாவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். எப்படியும் உரிக்க, உருவ, கழுவ, பிசைய வேண்டியவற்றைத்தான் குழந்தை கையில் தருகிறோம். அவை அப்படியே அடுப்புக்குப் போகின்றன. மில் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் ஓடும் தாய்மாருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுக் கீரையை ஆய்கிறபோது நான்கு தண்டுகளைப் பிள்ளையின் பக்கம் தள்ளுவதற்குத் தனி நேரம் தேவையில்லை. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இன்னும் எளிது.

வீட்டிலும் மையத்திலும் பந்தியின் செல்வாக்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதே காயை விரும்பித் தின்னும் குழந்தைகளின் நடுவில் சில நாள் உட்காரவைத்தபோது அதன் விருப்பமே மாறியதை பிர்ச் 1980லேயே பதிவு செய்தார். அங்கன்வாடியில் எவருக்கும் இது புதுச் செய்தி அல்ல. இதே விதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். தன் தட்டில் விழுந்த பீர்க்கங்காயை ஓரமாகத் தள்ளும் தகப்பன், பிள்ளைக்குக் காயின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பச்சை மொச்சை வேகவைக்காமல் தின்னத் தக்கதல்ல. பிதுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு போன்றவை சின்னஞ்சிறு பிள்ளைகளின் தொண்டையை அடைக்கும். மூக்கிலும் காதிலும் தானியத்தைத் திணித்துக்கொள்வதும் அவர்களுக்குப் புதிதல்ல. மறுப்பு எல்லாமே விளையாட்டால் தீருவதும் இல்லை. எடை கூடாமல் நிற்கும் குழந்தை, கட்டியாக எதைக் கொடுத்தாலும் குமட்டும் குழந்தை, நான்கைந்து பண்டங்களைத் தவிர உலகில் எதையும் ஏற்காத குழந்தை, மண்ணும் சாக்பீசும் தின்னும் குழந்தை ஆகியோரை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். மண் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே காணப்படுகிறது. கடுமையான உணவுத் தவிர்ப்பைத் தனிக் கோளாறாகவே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வகைப்படுத்தியது. அத்தகைய குழந்தைகளுக்குத் தேர்ந்த சிகிச்சையாளர் தேவை. இன்னொரு பக்கம், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பாலும், பதினோரு மணிக்குப் பெட்டிக்கடை ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும் உள்ளே போன வயிற்றில் மதியச் சோற்றுக்கு இடமிருக்காது என்பதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம்.

அரசின் கவனத்துக்கும் ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. காரணங்கள் பல, ஆனாலும் கொடுக்கப்படும் கீரையும் காயும் முட்டையும் தட்டின் விளிம்பிலேயே தங்கிவிடுவதும் அவற்றுள் ஒன்று என்பதைப் பரிமாறியவர்கள் அறிவார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரையொட்டி ஊட்டச்சத்து மாதம் கொண்டாடப்படுகிறது. மையங்களில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காய்களாலும் தானியங்களாலும் கோலமிட்டு, பெயர் எழுதிய அட்டைகளை நட்டுவைத்து அழகு செய்கிறோம். அதிகாரிகள் வருகிறார்கள், படம் எடுக்கப்படுகிறது. பிள்ளைகள் மட்டும் கை கட்டி வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். எவனாவது ஒரு தக்காளியை நோக்கிக் கையை நீட்டினால், ‘தொடாதே, கலைந்துவிடும்’ என்று அதட்டல் விழும். பார்ப்பதால் மட்டும் ஓர் உணவின் தோற்றம் பழகுமே தவிர, சுவை பழகாது என்பது 1987லேயே பிர்ச்சின் குழு கண்ட முடிவு.

ஊட்டச்சத்து மாதத்துக்கான சுற்றறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். கண்காட்சிக்கு வைத்த காய்களை அன்று மாலையே பணியாளரும் உதவியாளரும் பங்கிட்டு எடுத்துச்செல்வதற்குப் பதிலாக, பாய் விரித்துக் குழந்தைகள் நடுவில் கொட்டி, அவர்களே கழுவி, ஒடித்து, உரித்துத் தர, மறுநாள் சாம்பாரில் போடலாம். கூடுதல் நிதி வேண்டாம். பணியாளர்களுக்குக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் வேலையே மலையளவு இருப்பதால், இதற்கென்று இன்னொரு பதிவேட்டை மட்டும் தயவுசெய்து உருவாக்க வேண்டாம். தாய்மாருக்கான மாதாந்திரக் கூட்டத்தையும் அதே நாளில் வைத்துக்கொண்டால், தன் பிள்ளை முருங்கைக்கீரையைத் தொடுவான் என்பதை வீட்டில் நம்பாத தாய் நேரில் பார்த்துவிட்டுப் போவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.